தென்-417க்கு ஒரு கேள்வி

எங்கள் கம்பெனியில் ஆளுக்குப் பெயர் கிடையாது. வீட்டிலிருந்தபடி எந்த மெய்நிகர் கணினிக்குள் நுழைகிறோமோ, அதன் பெயர்தான் எங்களுக்கும். சொந்தப் பெயர், ஊர், போன் நம்பர், எதைத் தட்டினாலும் திரை அழித்துவிடும். மூன்று வருடமாக நான் தென்-086. சாப்பாட்டு வேளையில் என்னோடு திரையில் எழுதிப் பேசும் அக்கா தென்-417. அவர் மாடியில் வெண்டைச் செடி வைத்திருப்பதும், மார்பில் கட்டி வந்திருப்பதும் எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மேலிடத்து உத்தரவு வந்தது. ஒரே பெயர் நீடித்தால் ஒட்டுதல் வந்துவிடுகிறதாம். ‘தென்’ வரிசையை எடுத்துவிட்டு, ஆயிரத்து இருநூறு கணினிகளுக்கும் புதுப் பெயர்களைக் குலுக்கிப் போட வேண்டும். உத்தரவின் கீழே மட்டும் முழுப் பெயரோடு ஒரு கையெழுத்து. கணினிகளைப் பராமரிப்பது என் வேலை என்பதால், பெயர்களை மாற்ற வேண்டியவள் நான்தான். குலுக்கல் தானாக நடப்பதால், எந்தப் பெயர் யாருக்குப் போகும் என்பது எனக்கும் தெரியாது.

“நாளைக்கு ஸ்கேன் ரிசல்ட் வந்துரும். திங்கக்கிழமை உன்னை எங்கடி தேடுவேன்?” என்றார் அக்கா.

“நானே பொதுவுல கேக்குறேன்க்கா. நீங்க பதில் மட்டும் போடுங்க.”

சனி, ஞாயிறில் எல்லாப் பெயர்களையும் மாற்றி முடித்தேன். திங்கள் காலை, எல்லோரும் பார்க்கும் பலகையில் தட்டினேன்: “அக்கா, ஸ்கேன்ல என்ன வந்துச்சு?”

கேட்டது தன்னோடு பேசும் தங்கைதான் என்று நினைத்து, பதினோரு பேர் தனித்தனியாகப் பதில் போட்டார்கள். ஆறு பேருக்கு ஒன்றுமில்லையாம். மற்ற ஐந்து பேரும் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள்.

வெண்டைச் செடியைப் பற்றிக் கேட்டால் என் அக்கா யாரென்று தெரிந்துவிடும். கேட்டவள் தங்கள் ஆள் இல்லை என்று மற்றவர்களுக்கும் தெரிந்துவிடும்.

ஐந்து பேருக்கும், “நான் இருக்கேன்க்கா” என்றே எழுதினேன்.