குறை யார் பக்கம்?

"சுத்தி வளைக்காதீங்க டாக்டரம்மா. குறை யாரு பக்கம்? ஒத்த வார்த்தையில சொல்லுங்க, நான் போயிட்டே இருக்கேன்."

ஆனந்தவள்ளி போட்ட சத்தத்தில், வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள். குற்றாலத்தில் பழக்கடை போட்டு, சீசன் கூட்டத்தோடு மல்லுக்கட்டியே வளர்ந்த தொண்டை. தென்காசி ஆஸ்பத்திரி என்பதற்காக அது இறங்குமா?

பக்கத்தில் மருமகள் ஜெயபிரியா தலையைக் குனிந்திருந்தாள். போன மாதம் மூன்றாவது கருவும் கலைந்துவிட்டது.

"யாரு பக்கமும் இல்ல ஆச்சி" என்றார் டாக்டர்.

"அது எப்படி? தராசு சும்மா சாயுமா? எனக்குத் தெரியும். கடையில உக்காந்து அன்னாசியா அறுத்துத் தின்னுருப்பா."

"நான் தொடவே இல்ல அத்தை."

"வாயை மூடுட்டி."

ஆனந்தவள்ளியின் மடியில் போன் அடித்தது. தம்பி தில்லைநாயகம், சுந்தரபாண்டியபுரத்திலிருந்து. காலையிலிருந்து விடாமல் அடிக்கிறான். குறை மருமகளிடம்தான் என்று டாக்டர் வாயால் வந்துவிட்டால் போதும். அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தம்பி மகளை மகன் இசக்கிமணிக்கு முடிப்பதாகப் பேச்சு. முறைப்பெண், ஏன் என்று கேட்பதற்கு ஆளில்லை. பட்டாளத்தில் இருக்கும் இசக்கிமணியோ, "டாக்டர் சொல்லுததைக் கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்கம்மா" என்று கழன்றுகொண்டான்.

இதெல்லாம் ஜெயபிரியாவுக்கும் தெரியும். ஆனந்தவள்ளி போனில் பேசினால் தெருவுக்கே தெரியும்.

ஆனந்தவள்ளி போனை எடுக்காமலே அமுக்கினாள். டாக்டர் தன் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார்.

"பழத்தைப் பாத்துட்டுத்தானே விலை சொல்லுவீங்க? இதையும் பாத்துட்டுச் சொல்லுங்க."

திரை முழுக்க இருட்டு. நடுவில் மங்கலாக ஓர் உருண்டை. அதற்குள் மின்மினி மாதிரி சின்னச் சின்னத் துணுக்குகள்.

"இது ஒரு பொம்பளையோட கருமுட்டை. ஆராய்ச்சிக்கூடத்துல எடுத்த படம். மின்னுது பாருங்க, அதுதான் குரோமோசோம். மூக்கு, நிறம், உசரம் எல்லாத்துக்கும் அதுலதான் குறிப்பு இருக்கு. ஜோடி ஜோடியா நிக்குதா?"

துணுக்குகளைச் சுற்றி நூல் நூலாக ஏதோ முளைத்தது. ஒவ்வொரு ஜோடியையும் இரண்டு பக்கமிருந்தும் பற்றிக்கொண்டது. ஜோடிகள் முன்னும் பின்னும் தள்ளாடின. பிறகு சொல்லிவைத்த மாதிரி நடுவில் ஒரே வரிசையாக வந்து நின்றன.

ஆனந்தவள்ளியின் குரல் முதல்முறையாகத் தாழ்ந்தது.

"இழுக்கது யாரு?"

"யாரும் இல்ல. அந்த நூலுதான். தானா முளைச்சு, தானா பிடிச்சு, தானா இழுக்குது."

வரிசை பிரிந்தது. ஜோடிகள் விலகி ஒரு பாதி உள்ளேயே தங்க, மறு பாதி சின்னக் கொப்புளமாக ஓரத்தில் ஒதுங்கியது.

"ஐயோ, பாதி நட்டமாப் போச்சே!"

"நட்டமில்ல ஆச்சி. மிச்சப் பாதி அப்பாகிட்டருந்து வரணும்லா? அதுக்கு எடம் விடுது."

ஆனந்தவள்ளி நாற்காலியைத் திரைக்குப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இந்த ஜோடியெல்லாம் எப்போ சேர்ந்துச்சு தெரியுமா? அந்தப் பொம்பளை அவ அம்மா வயித்துல இருக்கும்போதே. அன்னைலேருந்து ஒண்ணையொண்ணு விடாமப் பிடிச்சுக்கிட்டுக் காத்துக் கெடந்திருக்கு."

ஆனந்தவள்ளி விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள்.

"அப்போ, எங்காத்தா வயித்துல நான் கெடக்கும்போதே, என் மவனோட பாதி எனக்குள்ள இருந்துச்சா?"

"இருந்துச்சு."

கை தன்னால் வயிற்றுக்குப் போனது. கல்யாணத்துக்கு முந்தி தலைச்சுமையாகப் பலாப்பழம் விற்றாளே, மழையில் வழுக்கி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாளே, அப்போதும் உள்ளே அவன் பாதி பத்திரமாக இருந்திருக்கிறான். விழுந்தவளுக்கே தெரியாமல்.

டாக்டர் அடுத்த படத்தை ஓடவிட்டார். "இது வேற முட்டை."

மறுபடியும் நூல்கள். மறுபடியும் வரிசை. பிரியும்போது ஒரே ஒரு துணுக்கு மட்டும் பின்தங்கியது. அங்கும் இங்கும் ஆடியது. பிறகு போகக்கூடாத கூட்டத்தோடு போய்ச் சேர்ந்தது.

"ஏ, ஏ! அது அந்தப் பக்கம் போவுது! பிடிங்க டாக்டரம்மா!"

எழுந்தே விட்டாள். கை திரையைத் தொட்டுவிட்டது.

"பிடிக்க முடியாது ஆச்சி. அத்தனை வருசம் பிடிச்ச பிடி, சில நேரம் தளர்ந்துரும். ஒண்ணு எடம் மாறினாலும் கரு பெரும்பாலும் நிக்காது. கடைசியாக் கலைஞ்ச கருவைச் சோதிச்சதுல, குரோமோசோம் ஒண்ணு கூடுதலா இருந்துச்சு. அன்னாசியும் இல்ல, அருவிக்குளியலும் இல்ல. உங்க மருமக ஒரு தப்பும் பண்ணல. அடுத்த முட்டை சரியாவே பிரியலாம்."

ஆனந்தவள்ளி மெதுவாக உட்கார்ந்தாள். ஜெயபிரியா திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், வழிதப்பிப் போன அந்தத் துணுக்கை. சத்தமில்லாமல் கண்ணீர் ஓடியது. துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

போன் திரும்பவும் அடித்தது. இந்தத் தடவை ஆனந்தவள்ளி எடுத்தாள்.

"அக்கா, டாக்டரம்மா என்ன சொல்லுதா? குறை அவகிட்டத்தானே? நாள் பாத்துரட்டுமா?" தில்லைநாயகத்தின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

ஜெயபிரியா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இதற்குமேல் உட்கார்ந்து கேட்க என்ன இருக்கிறது?

நூலும் ஜோடியும் தம்பிக்கு எங்கே புரியப்போகிறது! ஆனந்தவள்ளி தொண்டையைச் செருமினாள். வெளியே வரிசைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"குறை எம் மவன்கிட்டதாம்லே. உம் மவளுக்கு வேற எடம் பாரு."