கிளி படித்த சேதி

ஆலமரப் பொந்தில் யார் எதைக் கிறுக்கிப் போட்டாலும் அப்படியே உரக்கப் படிப்பது கிளியின் வேலை. நரியும் ஓர் இலையைச் செருகிவிட்டுப் போனதை ஆட்காட்டிக் குருவி பார்த்துவிட்டது.

"கோழிக்கு ஒரு சேதி. கூண்டுக் கதவைத் திறந்து வை," என்று படித்தது கிளி.

ஆட்காட்டி தொண்டை கிழியக் கத்தியது. "அக்கா, குரல்தான் கிளியோடது. எழுதினது நரி. திறக்காதீங்க."

"சரி சரி," என்றபடியே கோழி தாழ்ப்பாளைத் தள்ளியது. "நீ காத்தடிச்சாலும் கத்துவ. கிளி நமக்குப் பழகினவ."

ஆட்காட்டி தலையில் அடித்துக்கொண்டது.

சாயங்காலம், வால் இறகெல்லாம் பறிபோன கோழி கூரைமேல் உட்கார்ந்து அழுதது. "ஆபத்துன்னு தெரிஞ்ச நீ, அதையும் எழுதிக் கிளிகிட்டக் குடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாமே?"