ஒரு கை உயர்ந்தது

"தீவுக்குப் போனா முழுசா லீவுதான். வேலை ஞாபகமே வரக் கூடாது" என்று கிளம்பும்போதே மனைவி சொல்லியிருந்தாள். "சரிம்மா" என்று கணவரும் தலையாட்டியிருந்தார்.

வந்த இடத்தில் மனுஷர் குடை நிழலை விட்டு அசையவில்லை. தண்ணீருக்குள் முகம் புதைத்து மீன் பார்ப்பதற்கான ஸ்நார்க்கலிங் கண்ணாடியும் மூச்சுக் குழாயும் மடியில் சும்மா கிடந்தன. கண் மட்டும் கடலில் குளிப்பவர்கள் மேலேயே இருந்தது.

"உள்ளே கலர் கலரா மீன் இருக்குதாம்" என்றாள்.

"நீ போய்ப் பாத்துட்டு வா. செருப்பை யார் பாத்துக்கறது?"

'நீங்களும் வாங்க' என்பது வழக்கம்போல நாக்கு நுனி வரை வந்து திரும்பியது.

பக்கத்துக் குடைக்காரம்மா மெதுவாகக் கேட்டாள். "உங்க வீட்டுக்காரருக்குக் கடல்னா பயமா?"

"ரொம்ப" என்றுவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள்.

கொஞ்ச தூரம் நீந்திப் போய், ஒரு கையைத் தூக்கினாள்.

குடை சாய்ந்தது. பக்கத்துக் குடைக்காரம்மா எழுந்து நிற்பதற்குள் கணவர் நீந்திப் போய் மனைவியின் தோளைப் பிடித்திருந்தார். ஊர்க் கடற்கரையில் மூழ்குகிறவர்களை இழுத்துக் கரைசேர்ப்பதுதான் அவருக்கு இருபத்திரண்டு வருட உத்தியோகம். இங்கேயும் காலையிலிருந்து தலைகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்.

"கால் பிடிச்சுக்கிச்சா?"

"இல்லை."

"பொய்யா கையைத் தூக்கறது தப்பு. தெரியுமில்ல?"

"தெரியும். யாருக்காவது ஆபத்துன்னாத்தானே நீங்க கடல்ல இறங்கறீங்க? கல்யாணமான நாளா கேக்கணும்னு இருந்தேன். ஒரே ஒரு தடவை, சும்மா, என்கூட மீன் பாக்க வாங்களேன்!"