சாமி பை

"ஏன்னா, அந்தப் பொம்மனாட்டியைப் பாருங்கோ. அவ மடியிலே இருக்கிற பையைப் பாருங்கோ."

ஜகதாம்பாள் கணவரின் காதோரம் சொன்னாள்.

வைத்தீஸ்வரன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். மியூசியத்தின் கல் சிற்பக் கூடத்தில், முழங்கால் உயரமே உள்ள ஓர் அம்மன் சிலை. அதன் எதிரே தரையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நைந்த புடவை. மடியில் மூடின துணிப்பை.

"வேடிக்கை பார்க்க வந்திருப்பா."

"வேடிக்கை பார்க்கிறவா நாலையும் பார்ப்பா. இவ அந்த ஒரு சிலையை விட்டு நகரவே இல்லையே! திரும்பித் திரும்பி வாசலையும் பார்க்கறா."

மெட்ராஸிலிருந்து மைசூர்ப் பக்கமெல்லாம் ஊர் சுற்ற வந்தவர்கள் அவர்கள். பேலூர், ஹளேபீடு முடித்து, பெங்களூரில் புதிதாகக் கட்டின விதான சௌதாவையும் பார்த்தாகிவிட்டது. சாயங்காலம் ரயில். அதற்குள் மியூசியம்.

"அவ பையை ஏன் வாசல்ல வாங்கி வைக்கலை?" என்றாள் ஜகதாம்பாள். "நம்மளை மட்டும் கேட்டானே!"

கேட்டது உண்மைதான். காக்கிச் சட்டை போட்ட காவலாளி பச்சைமுத்து, "பையை இங்க வச்சுட்டுப் போங்கம்மா" என்று செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்துப் பலகையைக் காட்டினான்.

"இது சாமி பை. செருப்புகிட்டே எப்படிப்பா வைக்கறது?" என்று ஜகதாம்பாள் தன் பையைக் காட்டிக் கேட்டதும், "சாமியா? அப்ப கையிலயே வச்சுக்குங்க தாயி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

பை நல்ல கனம். இந்தக் கையிலும் அந்தக் கையிலுமாக மாற்றிக்கொண்டிருந்தாள்.

"பாருங்கோ, பாருங்கோ! அவனும் கூட்டு!"

கூடத்துக்குள் வந்த பச்சைமுத்து அந்தப் பெண்ணைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். அவன் சட்டென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, தோட்டத்தை ரசிக்கிறவன் போல நின்றான்.

அவள் எழுந்து சிலையின் கிட்டே போய்ப் பைக்குள் கையை விட்டாள்.

"திருடி! பிடிங்கோ அவளை!"

வைத்தீஸ்வரன் நாலே எட்டில் போய் மறித்துக்கொண்டார். "என்னய்யா, சிலை திருட்டா? நீ காவலா, கூட்டாளியா? இப்பவே உங்க ஆபீசரைக் கூப்பிடறேன்."

பச்சைமுத்துவின் முகம் வெளுத்துவிட்டது. "சார், சார்... ஸ்வல்ப இருங்க. ஆபீசர் வரைக்கும் போனா என் வேலை போயிடும். இந்தம்மாவையும் இனிமே உள்ள வுட மாட்டாங்க."

"பையைத் திறக்கச் சொல்லு முதல்லே" என்றாள் ஜகதாம்பாள்.

அந்தப் பெண் தானே பையைக் கவிழ்த்தாள். ஈர வாழையிலையில் கொஞ்சம் கனகாம்பரம். ஒரு மஞ்சள் துண்டு. ஒரு எலுமிச்சம்பழம். வேறொன்றும் இல்லை.

"எம்பேரு சந்திரம்மா. சந்தாபுரா பக்கத்துல இருந்து வாரேன்" என்றாள். "இவ எங்க ஊரு அம்மா. ஏரிக்கரையில இருந்தவ."

"அப்புறம் இங்கே எப்படி வந்தா?"

"கூரை விழுந்துபோன கோயிலும்மா. மராமத்து பண்ண எங்களுக்கு ஏது வக்கு? காருல ஊரு பாக்க வந்த பெரிய மனுசங்க, கேக்க ஆளில்லாத சாமின்னு தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க. விடியக்காலம் நான் பூ வச்சிட்டுத்தான் களையெடுக்கப் போனேன். பொழுதுசாய வந்து பாக்குறேன், வெறும் மேடை."

"போலீஸ்லே சொல்லலையோ?"

"அவங்கதான் கண்டுபுடிச்சாங்க. பூட்டு இல்லாத கோயிலுக்குத் திருப்பிக் குடுத்தா மறுபடி போயிடுமேன்னு இங்க கொண்டாந்து வச்சிட்டாங்க. வெள்ளிக்கிழமையில பஸ் ஏறி வந்து ஒரு பூ வச்சிட்டு, கையோட எடுத்துடுவேன். அவ்ளோதாம்மா."

"சிலையைத் தொடக் கூடாதுன்னு ரூல் இருக்கே!" என்றார் வைத்தீஸ்வரன். குரலில் முன்னே இருந்த வேகம் இல்லை.

"இருக்கு சார்" என்றான் பச்சைமுத்து. "கண்ணால பாத்தா நான் தடுக்கணும். அதான் பாக்கறதில்ல."



"சரி, சரி... யாரிடமும் சொல்லலை. வா ஜகதா, ரயிலுக்கு நாழியாச்சு." வைத்தீஸ்வரன் முன்னால் நடந்தார்.

சந்திரம்மா அம்மன் தலையில் பூவை வைத்தாள். கண்ணை மூடிக் கும்பிட்டாள். பூவை எடுத்துப் பாதியைக் கிள்ளிக்கொண்டு ஓடி வந்தாள்.

"இந்தாங்கம்மா. உங்க சாமிக்கும் வைங்க. சாமி பையக் கீழ வைக்க மாட்டேன்னு நீங்க வாசல்ல சொன்னது என் காதுலயும் விழுந்திச்சு. சாமி அருமை தெரிஞ்சவங்க, அதான் என் மேல அம்புட்டுக் கோவம் வந்திருக்கு. ஐயோ, கை செவந்து போச்சே! குடுங்க, ஜட்கா வரைக்கும் நான் தூக்கியாரேன்."

"வேண்டாம்! வேண்டாம்!" ஜகதாம்பாள் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

ஜட்கா கப்பன் பார்க் மரங்களைத் தாண்டிற்று. வைத்தீஸ்வரன் வெளியே பார்த்தபடியே வந்தார். ஜகதாம்பாளின் கையில் அந்தப் பூ வாடத் தொடங்கியது. மெல்லப் பையைத் திறந்து, அவர் முந்தாநாள் சுற்றி வைத்த துண்டை முதல் தடவையாக விலக்கினாள்.

பேலூர் ரோட்டுப் பாழுங்கோயிலில், 'கேட்க ஆளில்லாத சாமி, நம்ம பூஜையிலே இருக்கட்டுமே' என்று அவர் எடுத்துவந்த பிள்ளையாரின் நெற்றியில், யாரோ இட்ட குங்குமம் இன்னும் கலையாமல் இருந்தது.