நாலு பேருக்கு ஒரு டிக்கெட்

“இன்னிக்கு ஒரு நாள் மட்டும் எனக்குப் புருஷனா நடிக்கிறீங்களா?”

வரிசையில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த லிஃப்ட் மெக்கானிக்குக்குப் புரையேறிவிட்டது. திரும்பினான். பின்னால், ஐந்து வயதுப் பையனைக் கையில் பிடித்தபடி நின்றவள் முகத்தில் சிரிப்பே இல்லை. கண்ணால் மேலே காட்டினாள்.

பொழுதுபோக்குப் பூங்காவின் கட்டணப் பலகை. அதைப் பார்த்துத்தான் அவன் ஏற்கெனவே வியர்த்துப்போயிருந்தான். வீட்டுக்கு வந்த நோட்டீசில் பெரியவர்களுக்கு ஆயிரத்து ஐந்நூறு, பிள்ளைகளுக்குத் தொள்ளாயிரம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பலகையிலோ ஆயிரத்து எண்ணூறு, ஆயிரத்து இருநூறு. விடுமுறை நாள் கட்டணம் என்று எறும்பு ஊர்வதுபோல் கீழே ஒரு வரி.

அவன் சட்டைப்பையில் இருந்தது இரண்டாயிரத்து எழுநூறு. முந்நூறு உதைத்தது. ஏழு வயது மகள் ஒரு வாரமாக ராட்டினம், ராட்டினம் என்று தூக்கத்திலும் சுற்றிக்கொண்டிருந்தாள். வாசல்வரை அழைத்து வந்துவிட்டு, திரும்பிப் போகலாம் என்று எந்த வாயால் சொல்வது?

“ஃபேமிலி டிக்கெட் நாலாயிரத்து இருநூறு,” என்றாள் அவள். “புருஷன், பொண்டாட்டி, ரெண்டு பிள்ளைங்க. ஆளுக்குப் பாதி போட்டுக்கலாம். தனித்தனியா வாங்கினா எனக்கும் கட்டாது. உள்ள ஒரு சோளப்பொரி வாங்கவே சொத்தை எழுதிக் குடுக்கணும்போல.”

“மாட்டிக்கிட்டா?”

“மாட்டிக்கிட்டா மானம் போகும். மாட்டலன்னா ஆயிரத்து எண்ணூறு மிச்சம். எது பெருசுன்னு நீங்களே சொல்லுங்க.”

தன் மானம் ஆயிரத்து எண்ணூறு பெறுமா என்பதில் அவனுக்கே கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

“நம்மளப் பார்த்தா குடும்பம் மாதிரியா இருக்கு?”

“மூஞ்சியைக் கொஞ்சம் உம்முனு வெச்சுக்குங்க. தானா வந்துடும்.”

வரிசை நகர்ந்தது. அவன் குரலைத் தாழ்த்தினான். “ஏதாவது கேள்வி கேட்டா?”

“என் பிறந்த நாள் மார்ச் ஒம்பது. சொல்லிட்டேன். மறந்து தொலைக்காதீங்க.”

“கல்யாண நாள் கேட்டா ஜூன் பதினாலு.”

அவள் ஒரு கணம் அவனையே பார்த்தாள். “ம். அதையே வெச்சுக்கலாம்.”

“பையன் உளறிட்டா?”

“அவனை விடுங்க. நீங்க உளறாம இருந்தா போதும்.”

பிள்ளைகளுக்கு ஒத்திகையே தேவைப்படவில்லை. இரண்டும் அதற்குள் தடுப்புக் கம்பியில் தொங்கியபடி, யார் முதலில் ராட்டினத்தில் ஏறுவது என்று அடித்துக்கொண்டிருந்தன.

மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்த டிக்கெட்காரர் நிமிரவில்லை.

“ஃபேமிலி ஒண்ணு சார்.”

இப்போது நிமிர்ந்தார். நாலு பேரையும் தலையிலிருந்து கால்வரை அளந்தார். “ஃபேமிலியா? காலையிலேர்ந்து பதினோரு ஃபேமிலியைத் திருப்பி அனுப்பிட்டேன். இந்த வரிசையில நிக்கும்போதே கல்யாணம் முடிஞ்சு, ரெண்டு பிள்ளையும் பிறந்துடுது. சரி, உங்க சம்சாரத்தோட பிறந்த நாள் என்ன?”

“மார்ச் ஒம்பது.”

“கல்யாண நாள்?”

“ஜூன் பதினாலு!” இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள்.

டிக்கெட்காரர் எட்டிப் பையனைப் பார்த்தார். “தம்பி, இது யாரு?”

“அப்பா!” கவுன்ட்டர் கண்ணாடி அதிரும்படி கத்தினான் பையன்.

“எத்தனை சாக்லேட்டுக்குப் பேசி வெச்சீங்க?” டிக்கெட்காரர் வாய்விட்டுச் சிரித்தார். “பதினாலு வருஷமா இங்க உக்காந்திருக்கேன் சார். பொண்டாட்டி பிறந்த நாளைக் கேட்டா நிஜப் புருஷன் முழிப்பான். கல்யாண நாளைக் கேட்டா ரெண்டு பேரும் ரெண்டு தேதி சொல்லி, இங்கேயே சண்டை ஆரம்பிச்சுடும். நீங்க பரீட்சைக்குப் படிச்ச மாதிரி ஒப்பிக்கிறீங்க. நாலு பேர் பேரும் இருக்கிற மாதிரி ஏதாவது பேப்பர் காட்டுங்க. இல்லன்னா தனித்தனியா ஆறாயிரம்.”

மெக்கானிக் சும்மாவேனும் பர்ஸைத் துழாவினான். ஓட்டுநர் உரிமம், வேலை அட்டை. இரண்டிலும் அவன் மட்டும்தான் இருந்தான். பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்ட ஆரம்பித்தார்கள்.

மகள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “திரும்பிப் போறோமாப்பா?”

பக்கத்தில் நின்றவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு தோள்பையைத் திறந்து, அடியிலிருந்து ஒரு பழுப்பு நிற உறையை எடுத்தாள்.

“வேற வேலையா எடுத்துட்டு வந்தது,” என்றாள், அவன் பக்கம் திரும்பாமலே. “நாலு பேர் பேரும் இதுல இருக்கு.”

டிக்கெட்காரர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு தாளை விரித்தார். கணவர், மனைவி, பிள்ளைகள் இருவர் என்று ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தார். வயது, பிறந்த நாள், ஜூன் பதினாலு எல்லாம் சரியாக இருந்தன. விரல் மேலே தலைப்புக்குப் போய் நின்றது. பிள்ளைகள் காதில் விழாதபடி கவுன்ட்டர் கண்ணாடியை ஒட்டிக் குனிந்தார்.

“விவாகரத்து மனுவாம்மா? உங்க கையெழுத்து இருக்கு, சார் இன்னும் போடலை,” என்றவர், ஃபேமிலி டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார். “அப்ப இன்னிக்குச் செல்லும்.”