உய்யக்கொண்டான் கரையில் மாடி வீடு

அந்த மாதம் வீடு கட்ட அனுமதி வாங்கியவர்களின் விவரத்தை ஓவர்சியர் உரக்கச் சொல்லிக்கொண்டே போக, நகராட்சி அலுவலகத்தில் வள்ளிக்கண்ணு தட்டச்சு செய்கிறாள். ஜன்னலுக்கு வெளியே மலைக்கோட்டை வெயிலில் வெளுத்து நிற்கிறது. "அடுத்து ரத்தினவேல். உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில அழகிரிகிட்ட வாங்குன தென்னந்தோப்பு. மாடி வீடு." அவளுடைய வளையல் சத்தம் நின்றுபோகிறது. அழகிரி அவள் கணவனின் அண்ணன். தோப்பு கைமாறியதை வீட்டில் ஒருவரும் அவள் காதில் போடவில்லை. பெயர்கூட வைக்காத அவள் மகளைப் போன ஆடியில் வெள்ளைத் துணியில் சுற்றி அங்கேதான், கிணற்றடித் தென்னைக்குக் கீழே புதைத்தார்கள். கார்பன் மை ஒட்டிய விரல் விசையின் மேலேயே விறைத்திருக்கிறது. "ஏம்மா நிறுத்திட்டீங்க? நாளைக்கே கடக்கால் தோண்டுறாங்களாம். மண்ணு நல்லா பொலபொலன்னு இருக்காம்." தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் கேட்கிறாள்: "எவ்வளவு ஆழம் தோண்டுவாங்க, சார்?"