கற்பனைக் கேள்வி

எதிர்காலத் தலைவர்களை உருவாக்கும் படிப்பு என்று அந்தப் பல்கலைக்கழகம் விளம்பரம் செய்திருந்தது. உதவித்தொகையோடு ஒரே ஓர் இடம். அது கிடைக்காவிட்டால் தினேஸ்வரி கமுந்திங் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போக வேண்டியதுதான்.

ஈப்போவில் நேர்காணல். பேராசிரியர் யுகேந்திரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு கற்பனைக் கேள்வி. பழைய ரப்பர் தோட்டம். நாற்பது குடும்பம். யார்கிட்டயும் நிலப் பத்திரம் இல்ல. சண்டை, போலீஸ், பேப்பர் நியூஸ் எதுவும் இல்லாம காலி பண்ணணும். எப்படி?"

"வீட்டுக்கு ஆள் அனுப்பாதீங்க சார். அனுப்பினா எல்லாரும் ஒண்ணு சேர்ந்துருவாங்க."

"அப்புறம்?"

"டவுன்ல அம்மனுக்குப் பெரிய கோயில் கட்டித் தர்றோம்னு சொல்லுங்க. அவங்களே மேளம் அடிச்சு அம்மனைத் தூக்கிட்டுப் போவாங்க. அம்மன் இல்லாத தோட்டத்துல யாரும் இருக்க மாட்டாங்க."

அவர் அதை எழுதிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. இடம் அவளுக்குத்தான். அம்மாவிடம் காட்டுவதற்காக ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் காத்திருந்தாள்.

கோயில் கூட்டம் முடிந்து அம்மா மங்களம் வேகமாக வந்தாள்.

"நல்ல சேதிலா. நம்ம அம்மனுக்கு ஈப்போவுல பெரிய கோயில் கட்டித் தர்றாங்க. எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. அடுத்த வெள்ளிக்கிழமை தூக்குறோம்."

"யாரும்மா கட்டித் தர்றது?"

"நீ இண்டர்வியூ போனியே, அந்த யுனிவர்சிட்டிதான். என் மகளும் அங்க வந்தான்னு சொன்னேன். கூட்டத்துக்கு வந்த கண்ணாடி போட்ட சார் சிரிச்சாரு. 'தெரியும்மா, ரொம்ப நல்லா பதில் சொல்லுச்சு'ன்னாரு."